மந்தார நாள் மணி

அன்புள்ள ஜெபா,

நீ அனுப்பிய பெட்டியும் சுற்றுவதற்கான பஞ்சுத் தாளும் வந்து சேர்ந்தன. கடிகாரத்தைச் சுவரிலிருந்து எப்படி இறக்க வேண்டும், பெண்டுலத்தை எப்படித் தனியாகக் கழற்றிச் சுற்ற வேண்டும் என்று நீ பேசி அனுப்பியதையும் திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன். கல்யாணத்துக்கு முன்பே உன் புது வீட்டு ஹாலில் அதை மாட்டிவிட வேண்டும், அடியில் ஒரு பித்தளைத் தகட்டில் தாத்தா பேரைப் போட்டு, 'நேரம் தவறாத மனிதர்' என்று பொறிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறாய். இந்த வாசகம் சரியா என்று என்னைக் கேட்டாய். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. “அத்தைக்கு என்ன கோவம்” என்று நீ கட்டிக்கொள்ளப்போகிற மெர்லின்கூடக் கேட்டுவிட்டாள். கோபம் எதுவும் இல்லை. ஃபோனில் சொன்னால் நீ நடுநடுவே “சரிம்மா, சரிம்மா” என்பாய். அந்தச் சரியைக் கேட்டால் நான் பேச்சை மாற்றிவிடுவேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆபீஸ் பஸ்ஸில் படிக்காதே. வீட்டுக்குப் போய், சாப்பிட்டுவிட்டு, உட்கார்ந்து படி. அந்தத் தகட்டில் என் அப்பா பேரை ஏற்றுவதற்கு முன்னால், என் அம்மாவைப் பொய்க்காரி என்று ஊர் கூடித் தீர்ப்புச் சொன்ன கதை உனக்குத் தெரிந்தாக வேண்டும்.

நினைவு தெரிந்த நாளிலிருந்து அந்தக் கடிகாரத்தை நீ நம் வீட்டுச் சுவரில்தான் பார்த்திருக்கிறாய். இங்கே வருவதற்கு முன் அது பண்ணையாரின் நெல் களஞ்சியத்தை ஒட்டிய கொட்டகையில் தொங்கியது. விக்டோரியா ராணி காலத்துச் சாமான். பண்ணையாரின் முன்னோர் யாரோ, ஊரைவிட்டுக் கிளம்பிய ஒரு துரையிடம் நாகப்பட்டினத்தில் வாங்கியது என்பார்கள். வீட்டுக்குள் புதுக் கடிகாரங்கள் வந்த பிறகு இதைக் கொட்டகைக்குத் தள்ளிவிட்டார்கள். மேலே ஒரு வட்டம் மணி காட்டும். கீழே இன்னொரு வட்டம் தேதி காட்டும். அந்தக் கீழ் வட்டத்தின் நடுவில் இரண்டு சின்ன ஜன்னல்கள், ஒன்றில் கிழமை, இன்னொன்றில் மாதம், இரண்டும் இங்கிலீஷில். நடுராத்திரி ஆனால் தேதி தானாக நகர்ந்துகொள்ளும். எந்த மாதத்துக்கு எத்தனை நாள் என்று அதற்குத் தெரியும். பிப்ரவரியில் நாலு வருஷத்துக்கு ஒருமுறை ஒரு நாள் கூடும் என்பதுகூடத் தெரியும். “யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல, அதுவே கணக்கு வச்சிருக்கு” என்று அப்பா சொல்வதைக் கேட்டால், அவரே பெற்று வளர்த்துப் பள்ளிக்கூடம் அனுப்பியது போல இருக்கும்.

எங்கள் தெருவில் இங்கிலீஷ் எழுத்துப் படிக்கத் தெரிந்தவர் அன்றைக்கு அப்பா ஒருவர்தான். மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர், ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வேதபாடம் வாசிப்பவர். அதனால்தான் அவரைக் கொட்டகைக்குள் விட்டார்கள். எங்கள் ஆட்களில் வேறு யாரும் அந்த வாசல்படியைத் தாண்டியதில்லை. கொட்டகைச் சாவியும் கடிகாரச் சாவியும் ஒரே கயிற்றில் அவர் இடுப்பில் தொங்கும். தூங்கும்போதும் கழற்ற மாட்டார். கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதும், அதைப் பார்த்து வாசல் வேப்பமரத்தில் கட்டியிருந்த தண்டவாளத் துண்டில் மணி அடிப்பதும் அவர் வேலை. வயலில் இறங்க ஒரு மணி, சாப்பாட்டுக்கு ஒரு மணி, கரையேற ஒரு மணி. தெருவில் அவருக்கு மணிக்காரர் என்றே பேர். மணிக்காரர் மகள் என்று எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் இருந்தது.

முன்பெல்லாம் அந்த மணிக்கு அவ்வளவு மதிப்பு கிடையாது. விடிவதற்குள் இறங்கி இருட்டியபின் ஏறுகிறவர்களுக்குக் கடிகாரம் எதற்கு? அப்புறம் சென்னையில் ஆட்சி மாறியது. ஊர்ச் சுவரெல்லாம் கட்சிச் சின்னமும் அடுக்குமொழியுமாக நிறைந்தது. எங்கள் தெரு முனையில் அதற்கு முன்பே சிவப்புக் கொடி ஏறியிருந்தது. கூலி கேட்டு வேலைநிறுத்தம், வெளியூர் ஆட்களை இறக்கி அறுப்பு, போலீஸ், அடிதடி. சுற்றுவட்டாரத்தில் குடிசைகள் எரிந்ததையும் பார்த்தோம். அதையெல்லாம் நீ புத்தகங்களில் படித்திருக்கிறாய், நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. கடைசியில் தாசில்தார் முன்னிலையில் எங்கள் ஊருக்கு ஒரு ஒப்பந்தம் ஆனது. கூலி இவ்வளவு, வேலை இத்தனை மணி நேரம், அதற்கு மேல் கிடையாது. சரி, நேரத்துக்கு எது அத்தாட்சி? தெருவில் ஒருவரிடமும் கடிகாரம் இல்லை. பண்ணைக் கடிகாரம்தான் இருந்தது. கடிகாரம் அவர்களுடையது என்றாலும் மணி அடிப்பவர் நம் ஆள் என்று எங்கள் செங்கொடிச் சங்கமும் ஒத்துக்கொண்டது. அன்றைக்குத்தான் அப்பா உண்மையில் பெரிய மனிதர் ஆனார். இரண்டு தரப்பும் நம்பியது அவர் ஒருவரைத்தான்.

வெயில் நாளில் ஒரு தகராறும் வந்ததில்லை. எங்கள் ஆட்கள் நிழலைப் பார்த்தே நேரம் சொல்வார்கள். சம்பா நடவு ஐப்பசியில் வரும். அப்போது மந்தாரம் போட்டால் நாள்கணக்கில் சூரியனைப் பார்க்க முடியாது. காலை, மத்தியானம், சாயங்காலம் எல்லாம் ஒரே நிறம். அந்த நாட்களில்தான் அம்மாவுக்குச் சந்தேகம் வந்தது. உன் தாசு மாமா அப்போது கைக்குழந்தை. வாய்க்கால் கரைப் பூவரச மரத்தில் தூளி கட்டி அவனைப் போட்டுவிட்டு அம்மா நடவுக்கு இறங்குவாள். நான் தூளியை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். சாப்பாட்டு மணிக்கு ஏறிவந்து பால் கொடுப்பாள், அப்புறம் கரையேறும் மணிக்குத்தான். நடுவில் எவ்வளவு நேரம் என்பது அவள் உடம்புக்குப் பழகியிருந்தது. வெயில் நாளில் மணி அடிக்கிற நேரமும் பால் சுரந்து மார் கனக்கிற நேரமும் ஒன்றாக இருக்கும். மந்தார நாளில் மார் கட்டி, மாராப்பு நனைந்து, வலி அக்குள் வரை ஏறிய பிறகும் மணி அடிக்காது. “என்னாங்கடி இது, எனக்குப் பால் கட்டிப் போச்சு, இன்னும் மணியக் காணோம்” என்று சேற்றில் நின்றபடி அவள் சொன்னது வாய்க்கால் கரையில் இருந்த எனக்குக் கேட்டிருக்கிறது. உன் அம்மா இதையெல்லாம் எழுதுகிறாளே என்று கூசாதே. நாளைக்கு உன் வீட்டிலும் பிள்ளை பிறக்கும்.

ஒருநாள் சாயங்காலம் அடுப்படியில் உட்கார்ந்து அப்பாவிடமே கேட்டாள்.

“ஏங்க, மந்தாரத்துல மணி தள்ளிப் போவுதுங்க.”

“கடியாரத்துக்கு வெயிலு மழையெல்லாம் தெரியாது புள்ள. அது பாட்டுக்கு ஓடும்.”

“என் ஒடம்பு சொல்லுதே.”

“ஒன் ஒடம்பப் பாத்தா மணி அடிக்க முடியும்?”

சொல்லிவிட்டு அப்பா சிரித்தார். நானும் சேர்ந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. அடுத்த வாரமே சங்கத்தில் போய்ச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து, மத்தியானம் கொடிக்கம்பத்தடியில் கூட்டம் போட்டார்கள். சங்கத் தலைவர் மன்னார்குடியிலிருந்து சைக்கிளில் வந்தார். நல்ல மனிதர். எங்களுக்காக அடிபட்டவர், ஜெயிலுக்குப் போனவர். கையில் வாட்ச் கட்டியிருந்தார். “வாங்க தோழர், நீங்களே பாத்துக்குங்க” என்று அப்பா அவரைக் கொட்டகைக்கு அழைத்துக்கொண்டு போனார். அன்றைக்குப் பளீரென்று வெயில். திரும்பி வந்த தலைவர், இரண்டும் ஒரே நேரம்தான் காட்டுகிறது என்றார். அம்மா எழுந்து நின்று, “நீங்க மந்தாரத்துல வந்து பாருங்கய்யா” என்றாள். தலைவர் நடவுக் கோஷ்டிப் பெண்களைப் பார்த்து, “வேற யாருக்காச்சும் இப்படித் தோணுதாம்மா” என்று கேட்டார். ஒருவரும் வாய் திறக்கவில்லை. பிறகு அப்பாவைக் கேட்டார்.

“பச்ச ஒடம்புக்காரிங்க. புள்ளை பெத்ததுலேருந்து ஒரு நிதானம் இல்ல. மனசுல வச்சிக்காதீங்க” என்றார் அப்பா. பைபிளில் கை வைத்துச் சொல்லட்டுமா என்றும் கேட்டார். தலைவருக்குச் சாமி நம்பிக்கை கிடையாது, அதெல்லாம் வேண்டாம் என்றுவிட்டு அம்மா பக்கம் திரும்பினார்.

“இந்தப் பேச்சு பண்ணைக் காரியஸ்தர் காதுல விழுந்தா இதையே சாக்கா வச்சு ஒப்பந்தத்தக் கிழிச்சுப் போட்டுருவாங்கம்மா. எத்தனை பேரு ரத்தம் சிந்தி வாங்கினது. ஒரு வார்த்தை தப்புன்னு சொல்லிட்டு ஒக்காந்துரு.”

“நான் பொய் சொல்லலைங்க.”

அவ்வளவுதான் பேசினாள். மன்னிப்புக் கேட்கவில்லை. அதனால் அந்த நடவுக்கு அவளைக் கோஷ்டியில் சேர்ப்பதில்லை என்று முடிவானது. அந்த நடவு என்று சொன்னது அப்புறம் எல்லா நடவுக்கும் என்று ஆகிப்போனது. தெருப் பிள்ளைகள் அவளுக்குப் பால் கடியாரம் என்று பேர் வைத்தார்கள். தண்ணீர் எடுக்கப் போனால் முதுகுக்குப் பின்னால் “பால் கடியாரம், மணி என்னா” என்று கேட்டுவிட்டு ஓடுவார்கள். நான் கூட இருந்தால் எனக்கு அம்மா மேல்தான் ஆத்திரம் வரும். சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று தோன்றும்.

அம்மா வேலைக்குப் பாமணியாற்றைத் தாண்டி அடுத்த ஊருக்குப் போனாள். ஊர்விட்டு ஊர் வந்தவளை அங்கே நடுக் கோஷ்டியில் சேர்க்க மாட்டார்கள், ஓரமாக நிற்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகவும் முடியாது. வீட்டில் நான் தாசுவுக்குக் கஞ்சித் தண்ணீர் கொடுத்துப் பார்த்துக்கொண்டேன். கொஞ்ச நாளில் அம்மாவுக்குப் பால் நின்றுபோயிற்று. உன் மாமா ஏன் இப்படி ஒடிந்துவிழுகிற மாதிரி இருக்கிறான், ஏன் கால் தாங்கி நடக்கிறான் என்று சின்ன வயதில் கேட்பாயே, நானும் காய்ச்சல் என்று சொல்லி வைப்பேனே. காய்ச்சல் அப்புறம் வந்தது. முதலில் வந்தது இது. அப்பா அம்மாவை அடித்ததில்லை, திட்டியதில்லை. அவள் கொண்டுவந்த கூலி நெல்லில் சோறு தின்றுகொண்டு, காலையில் எழுந்து மணி அடிக்கப் போனார்.

பிறகு நில உச்சவரம்புச் சட்டம் வந்தது. பண்ணையார் நிலத்தை யார் யார் பேரிலோ எழுதிவைத்தார், மீதியை விற்றார், குடும்பத்தோடு சென்னைக்குப் போய்விட்டார். போகும்போது, விசுவாசமான ஆள் என்று சொல்லி அந்தக் கடிகாரத்தை அப்பாவுக்குக் கொடுத்தார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்குக் குழி நிலம்கூடக் கிடைக்கவில்லை. எங்களுக்குக் கடிகாரம் கிடைத்தது. அப்பா அதை வேட்டியில் சுற்றிக் குழந்தை மாதிரி மாரோடு அணைத்துக்கொண்டு வந்தார். அவர் அதை எப்படி வைத்துக்கொண்டார் என்பது உனக்கே தெரியும். நீ ஸ்டூலில் ஏறி முள்ளைத் தொட்டதற்கு ஒருநாள் கையில் பளாரென்று ஒன்று வைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா? “முன்னாடிதான் தள்ளணும், பின்னாடி திருப்பவே கூடாது, உள்ள பல்லு போயிடும்” என்று கத்தினார். கடிகாரம் எப்போதாவது வேகமாக ஓடிவிட்டால் பெண்டுலத்தை நிறுத்திவிட்டு, நேரம் வந்து சேரும்வரை எதிரில் நாற்காலி போட்டுக் காத்திருப்பார். அம்மா அதை ஏறிட்டுப் பார்த்தே நான் பார்த்ததில்லை. மணி தெரிய வேண்டும் என்றால் பக்கத்து வீட்டில் போய்க் கேட்பாள். வீம்பு என்று நினைத்தோம்.

இப்போது, கடிகாரத்தைப் பார்க்க நீ அனுப்பிய அந்தச் சென்னைக்காரர் விஷயத்துக்கு வருகிறேன். பழைய கடிகாரம் சேகரிக்கிறவர், பெரிய விஷயம் தெரிந்தவர் என்றாய். வந்தவர் முதலில் என் காபியைக் குடிக்கவில்லை, கைக்கு உறை மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்து உள்ளே பார்த்து, “அடடா, என் ராஜா” என்று கடிகாரத்தைக் கொஞ்சினார். என் கல்யாணத்துக்கு வந்த மாப்பிள்ளை வீட்டார்கூட என்னை இப்படிப் பார்த்ததில்லை. தேதி காட்டுகிற இந்த ரகம் இப்போது கிடைப்பதே அபூர்வம் என்றார். முகப்பு, மரம், மணி ஓடும் பாகம் எல்லாம் அசல் என்றார். அப்புறம் கீழ் வட்டத்தைக் கழற்றிச் சின்ன விளக்கு அடித்துப் பார்த்தவர், முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

“தேதி பாகம் நாசமாயிருக்கும்மா. விவரம் தெரியாத ஆள் கையில இருந்திருக்கு போல. முள்ளைப் பின்னாடி திருப்பியிருக்காங்க.”

“எப்பவாச்சும் கைதவறி நடந்திருக்கும் சார்.”

“ஒருதடவை ரெண்டுதடவை திருப்பினா இப்படி ஆகாது. பல்லெல்லாம் எதிர்ப் பக்கமா தேய்ஞ்சிருக்கு பாருங்க. வருஷக்கணக்கா, வேணும்னே செஞ்ச மாதிரி இருக்கு. எதுக்குத்தான் செஞ்சாங்களோ. சேகரிக்கிறவங்க முதல்ல இதைத்தான் பாப்பாங்க.”

அவர் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனார். அவரை வழியனுப்பினேனா, எப்போது போனார் என்றே நினைவில்லை. நம் வீட்டுக்கு வந்த பிறகு அந்தக் கடிகாரத்தை ஒருவரும் பின்னால் திருப்பியதில்லை, அது நமக்குத் தெரியும். அதற்கு முன் கொட்டகையில் திருப்பியிருக்க வேண்டும். சாவி அப்பா இடுப்பைவிட்டு இறங்கியதில்லை. சாப்பாட்டு மணிக்கு அப்புறம் முள்ளைப் பின்னால் தள்ளி, மறுநாள் காலை மணிக்கு முன்னால் சரிசெய்து வைத்திருக்கிறார். வேறு எப்படி யோசித்தாலும் சரிப்படவில்லை. அதனால்தான் மழை மாதத்தில் மட்டும் கீழ் வட்டத்துத் தேதி தப்பிப்போயிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிக்கொண்டு போய் அதைத் திருத்துவார். நான் வாசலில் நின்று, மழைக்கு மட்டும் ஏன்ப்பா தப்புது என்று கேட்டிருக்கிறேன். குளிருக்கு இரும்பு சுருங்கும் என்றார். நான் அதைப் பள்ளிக்கூடத்தில் போய் டீச்சரிடம் பெருமையாகச் சொன்னேன்.

ஏன் செய்தார் என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. காரியஸ்தர் சொல்லியிருப்பார். மறுத்திருந்தால் சாவியைக் கழற்றிக் கொடு என்றிருப்பார். எங்கள் ஆட்கள் கால் வைக்காத இடத்தில் கால் வைத்தவருக்கு மறுபடி சேற்றில் இறங்க மனம் வரவில்லை போலிருக்கிறது. பணத்துக்காகச் செய்யவில்லை, அப்படி ஒன்றும் வீட்டுக்கு வரவில்லை. பயமா, ஆசையா, இரண்டும் கலந்ததா, செத்தவரை எழுப்பியா கேட்க முடியும்? கெட்டவர் என்றும் எழுத முடியவில்லை. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவாரூர்த் தேர் காட்டியவர். எனக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்தவரும் அவர்தான், அந்த எழுத்தில்தான் சத்துணவுக்கூட அமைப்பாளராகி உன்னைப் படிக்கவைத்தேன். அவர் நல்லவராகவும் இருந்தார், தன் பெண்டாட்டியை ஊர்முன் பொய்க்காரியாக நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்து அவள் கையால் சாப்பிடவும் செய்தார். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்க என்னால் முடியவில்லை. இந்த வயதில் இனிமேல் முடியும் என்றும் தோன்றவில்லை.

கல்யாணம் ஆகப்போகிறவனுக்கு அம்மா புத்தி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். சொல்கிறேன், கேட்பாய் என்ற நம்பிக்கையில் அல்ல. மெர்லின் ஒரு நாள் வந்து தனக்கு வலிக்கிறது என்பாள், இல்லை, இந்த வீட்டில் ஏதோ சரியில்லை என்பாள். உன்னிடம் அப்போது ஏதாவது ஒரு ரிப்போர்ட்டோ மீட்டரோ இருக்கும், அதில் எல்லாம் சரியாக இருப்பதாகக் காட்டும். உடனே அதை எடுத்து அவள் முகத்துக்கு நேரே நீட்டாதே. முதலில் அவள் பக்கத்தில் உட்கார். நீ படித்த பையன், பெண்களை மதிக்கிறவன், எனக்குத் தெரியும். என் அப்பாவும் தெருவிலேயே படித்தவர். பெண் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிய முதல் ஆள் அவர்தான். அதனால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது.

கடிகாரத்தை அனுப்பிவிடுகிறேன். உடைத்துப் போட்டால் யாருக்கு என்ன லாபம்? தகட்டில் என்ன எழுதுவது என்பதை நீயே முடிவு செய். அப்பா பேரைப் போட வேண்டாம் என்று சொல்ல வந்தேன், அதையும் சொல்ல மனம் வரவில்லை. அம்மா பேரைப் போடு என்று சொல்லலாம் என்றால், தான் ஏறிட்டும் பாராத சாமானில் தன் பேர் தொங்குவதை அவள் விரும்புவாளா தெரியாது.

ஆனால் சும்மா இருக்கவும் முடியவில்லை. ஒருவரிடமாவது போய், என் அம்மா பொய் சொல்லவில்லை என்று சொல்லிவிட வேண்டும் என்று இருந்தது. அந்த நடவுக் கோஷ்டியில் இன்றைக்கு உயிரோடு இருப்பது சின்னப்பொண்ணு பெரியம்மா ஒருவர்தான். அம்மாவுக்குத் தூரத்து உறவில் அக்கா, பக்கத்துப் பக்கத்தில் நின்று நட்டவர்கள். திருவாரூரில் மகள் வீட்டில் இருக்கிறார், பார்வை போய்விட்டது. உன் கல்யாணப் பத்திரிகையையும் பையில் வைத்துக்கொண்டு, போன வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறினேன். என் குரலைக் கேட்டதும் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார். சுற்றி வளைக்காமல் சொன்னேன்.

“பெரியம்மா, எங்கம்மா அன்னிக்குப் பொய் சொல்லலை. மந்தார நாள்ல அப்பாதான் கடியாரத்தைப் பின்னாடி திருப்பியிருக்காங்க. இப்பத்தான் தெரிஞ்சிச்சு.”

அவர் என் விரல்களைத் தடவிக்கொடுத்தார்.

“இதச் சொல்லவா இம்மாந்தூரம் வந்த?”

“உங்களுக்கு ஆச்சரியமா இல்லையா?”

“தெரியும்டி. அன்னிக்கே தெரியும். நடவுல பாதிப் பேரு கைப்பிள்ளைக்காரிங்கதானே. ஒங்கம்மாவுக்கு மட்டுந்தான் பால் கட்டுமா?”

“அப்ப ஏன் யாரும் எந்திரிச்சுச் சொல்லலை?” என்று கேட்டேன்.

“சொல்லியிருந்தா? ஒங்கப்பன வெளியில தள்ளிட்டு வெளியூரு ஆளக் கொண்டாந்து வப்பாங்க. ஒப்பந்தமும் போவும். செத்த நேரம் கூட நின்னா நின்னுட்டுப் போறோம், கூலியாவது ஒழுங்கா வருதேன்னு இருந்துட்டோம். வவுத்துக்குள்ள அப்படி ஒரு பயம்டி அப்பல்லாம்.”

“உங்களுக்கெல்லாம் தெரியும்னு எங்கம்மாவுக்குத் தெரியுமா?”

“தெரியாம? அந்த மனுசன் வேற யாருக்காச்சும் தோணுதான்னு கேட்டப்ப, ஒங்கம்மா திரும்பி எங்க ஒவ்வொருத்தி மூஞ்சியையும் பாத்தா. நாங்க குனிஞ்சிக்கிட்டோம்.”

பிறகு மகளைக் கூப்பிட்டு எனக்கு டீ போடச் சொன்னார். அழவில்லை, மன்னிப்பு என்ற பேச்சும் எடுக்கவில்லை. நானும் டீயைக் குடித்தேன். அம்மாவின் பேரைத் துடைத்துவிடலாம் என்று போனவள் நான். நம்பாதவர்கள் என்றால் நம்பவைக்கலாம். தெரிந்துகொண்டே இருந்தவர்களிடம் போய் எதைச் சொல்வது? பத்திரிகையை எடுத்து அவர் கையில் வைத்தேன். தடவிப் பார்த்துவிட்டு, “கண்ணு தெரியாது, ஆள அனுப்பிக் கூட்டிட்டுப் போ” என்றார். அனுப்புகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

வருவார்கள். சின்னப்பொண்ணு பெரியம்மா, அந்தக் கோஷ்டிப் பெண்களின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், எல்லாருக்கும் பத்திரிகை போயிருக்கிறது. நீயும் மெர்லினும் நன்றாக நின்று வரவேற்க வேண்டும், முகம் சுளிக்காதே. பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒன்றை நினைத்துக்கொண்டே வந்தேன். அந்த வீடுகளில் நடந்த கல்யாணம், காதுகுத்து, சாவு ஒன்றைக்கூட அம்மா விட்டதில்லை. யாரும் தனியாகக் கூப்பிட மாட்டார்கள், இவளே முதல் ஆளாகப் போய் நிற்பாள். காய் நறுக்குவாள், பாத்திரம் தேய்ப்பாள், எல்லாரும் போன பிறகும் கடைசிவரை இருப்பாள். வெட்கமே இல்லாமல் ஏன் இப்படிப் போய் விழுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வரும். அவர்களில் யாராவது ஒருத்தி, ஆள் இல்லாத சமயம் பார்த்து, பக்கத்தில் வந்து ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா என்றுதான் போயிருக்கிறாள். சாகும்வரை போய்க்கொண்டிருந்தாள். ஒருத்தியும் சொல்லவில்லை.

உன் அம்மா